கேன் தண்ணீரா, ஆர்.ஓ.வா, காய்ச்சிய மெட்ரோ தண்ணீரா? வீட்டில் பிளாஸ்டிக் துகளைக் குறைக்க முதலில் எதில் கைவைப்பது

என் மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. வந்த மறுநாள் காலை சமையலறையில் நின்று தண்ணீர் கேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, இதுல இருந்துதான் நான் தினம் மூணு லிட்டர் குடிக்கணுமா?" என்றாள்.

அன்றுதான் நானும் அந்தக் கேனைச் சரியாகப் பார்த்தேன். 20 லிட்டர் கேன். ஒரு காலத்தில் நீல நிறத்தில் பளிச்சென்று இருந்திருக்கும். இப்போது உடம்பு முழுக்கக் கீறல் விழுந்து பால் போல மங்கியிருந்தது. லோடு ஆட்டோவில் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொள்ளும் இடத்தில் தோளைச் சுற்றி ஒரு வளையம். தடவினால் கை சொரசொரத்தது. வெளியே தேய்ந்தது தெருவோடு போயிருக்கும். உள்ளே பிரஷ் விட்டுக் கழுவிக் கழுவித் தேய்ந்தது எங்கே போயிருக்கும்? ஒன்பது வருடமாக இதே மாதிரிக் கேன்களைத்தான் வாங்கிக் கவிழ்த்துக் குடித்துவருகிறோம். போன ஏப்ரலில் வந்த ஒரு கேனைத் திறந்ததும் பிளாஸ்டிக் வாடை அடித்தது. நாள் முழுக்க வெயிலில் நின்ற வண்டியிலிருந்து இறக்கியது. அதைச் செடிக்கு ஊற்றிவிட்டு மறுநாள் அதே ஆளிடம் இன்னொரு கேன் வாங்கினேன். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

சரி, மாற்றுவது என்று முடிவு செய்தோம். ஆனால் எதை? தண்ணீரையா, உப்பையா, பாத்திரத்தையா, வீட்டுக் காற்றையா? எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்ற எங்களிடம் பணமும் இல்லை, நேரமும் இல்லை. அதனால் ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள் (மைக்ரோபிளாஸ்டிக்) எவ்வளவு வருகிறது, தடுக்க என்ன செலவு, மாற்றினால் வேறு ஏதாவது கெடுமா என்று பார்த்தோம். இரண்டு வாரம் படித்ததையும் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

உடம்புக்கு என்ன ஆகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2021-ல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்றில் ஆறு பெண்களின் நஞ்சுக்கொடியைப் பரிசோதித்தார்கள். நான்கில் பிளாஸ்டிக் துகள் இருந்தது. 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் 22 பேரின் இரத்தத்தைப் பார்த்ததில் 17 பேரிடம் இருந்தது. இதையெல்லாம் மகளிடம் சொல்லாமல் மறைக்கலாம் என்று நினைத்தேன். அவள் ஏற்கெனவே படித்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

உள்ளே இருக்கிறது என்பதும் கெடுதல் செய்கிறது என்பதும் ஒன்றல்ல. கெடுதல் பற்றி இதுவரை வந்ததில் எனக்குக் கனமாகப் பட்டது 2024 மார்ச்சில் வந்த ஆய்வுதான். அதுவும் இத்தாலிதான். கழுத்துத் தமனியில் படிந்த கொழுப்பை அறுவை செய்து எடுத்த 257 பேரைச் சுமார் 34 மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். 150 பேரின் படிவில் பாலிஎத்திலீன் இருந்தது, நாம் கேரிபேக் என்று சொல்கிறோமே, அதே சரக்கு. படிவில் பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேரும் அபாயம் மற்றவர்களைவிட நாலரை மடங்கு. பிளாஸ்டிக்தான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை, அதை அவர்களே எழுதியிருக்கிறார்கள். 2025-ல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தார் மூளையில் கல்லீரலைவிடப் பல மடங்கு பிளாஸ்டிக் இருப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் அளந்த கருவியில் மூளையின் கொழுப்பே பாலிஎத்திலீன் போலக் காட்டக்கூடும் என்று வேறு சில விஞ்ஞானிகள் மறுத்தார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் "வாரம் ஒரு கிரெடிட் கார்டு அளவு பிளாஸ்டிக் தின்கிறோம்" என்ற கணக்கைத் தாராளமாக மறந்துவிடலாம். 2019-ல் சொன்ன அந்த 5 கிராம் மிகை. 2021-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் போட்ட கணக்கில் வாரத்துக்குச் சில மைக்ரோகிராம்தான் (ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம்) வருகிறது.

ஆக, அலறவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். செலவில்லாமல் குறைக்க முடிவதை இன்றே குறைக்கலாம். செலவு கேட்பதை மட்டும் நிதானமாக யோசிக்கலாம்.

தண்ணீர்: மூன்று வழி

கேனில் ஆரம்பிக்கிறேன். 2024 ஜனவரியில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்காவில் விற்கும் மூன்று பிராண்டு பாட்டில் தண்ணீரை லேசர் முறையில் சோதித்தார்கள். லிட்டருக்குச் சராசரியாக 2.4 லட்சம் துகள்கள். அதில் பத்தில் ஒன்பது நானோ அளவு, ஒரு மைக்ரானுக்கும் கீழே. முடியின் தடிமனே 70 மைக்ரான் இருக்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவை கடையில் வாங்கிய புது பாட்டில்கள். நமக்கு வருவதோ பல வீடு சுற்றி, வெயிலில் காய்ந்து, பிரஷ்ஷில் தேய்ந்த கேன்.

அந்த ஆய்வில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொன்று. பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கைவிட நைலான் வகையான பாலிஅமைடு அதிகமாக இருந்தது. சுத்திகரிக்கும் வடிகட்டியிலிருந்தே அது வந்திருக்கலாம் என்று அவர்கள் கருதுகிறார்கள். கேன் கம்பெனியிலும் வடிகட்டி உண்டு, வீட்டு ஆர்.ஓ.விலும் உண்டு. ஆர்.ஓ. சவ்வே பாலிஅமைடில்தான் செய்கிறார்கள்.

அதற்காக ஆர்.ஓ.வை ஒதுக்கிவிட முடியாது. உப்பையே பிரித்து நிறுத்தும் சவ்வு அது. குழாயில் வரும் துகள் அதைத் தாண்டுவது கடினம். புற ஊதா விளக்கு மட்டும் உள்ள கருவி கிருமியைக் கொல்லும், துகளை எடுக்காது. வாங்குகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கேட்டு வாங்க வேண்டும். எங்களுக்குக் கடைக்காரர் சொன்ன விலை 16,000 ரூபாய், அப்புறம் வருடாவருடம் சர்வீஸ். ஒரு லிட்டர் எடுக்க இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போகும். கோடையில் லாரிக்குக் காத்திருக்கும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. 500-க்குக் கீழே டி.டி.எஸ். (ஒரு லிட்டரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு, மில்லிகிராமில்) உள்ள தண்ணீருக்கு ஆர்.ஓ. தேவையில்லை என்பதுதான் 2019-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் எடுத்த நிலை. பக்கத்து வீட்டிலிருந்து மீட்டர் வாங்கி அளந்தேன். மெட்ரோ தண்ணீர் 310. போர் தண்ணீர் 1,400-ஐத் தாண்டியது.

மூன்றாவது வழி காய்ச்சுவது. "காய்ச்சினா பிளாஸ்டிக் போயிடுமா?" என்று வீட்டில் எல்லோருமே கேட்டார்கள், நானும் முதலில் நம்பவில்லை. 2024 பிப்ரவரியில் சீனாவின் குவாங்சோவிலிருந்து வந்த ஆய்வு இது. கடினத்தன்மை உள்ள தண்ணீரைக் காய்ச்சும்போது அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து வெள்ளையாகப் பிரிந்து வருமல்லவா, அது பிளாஸ்டிக் துகளின் மேல் ஒட்டி ஓடு போல மூடிக்கொள்கிறது. ஓடு கனத்து அடியில் படிகிறது, அல்லது வடிகட்டியில் சிக்குகிறது. லிட்டருக்கு 300 மில்லிகிராம் சுண்ணாம்பு உள்ள தண்ணீரில் 90 சதவீதம் வரை துகள் குறைந்தது. மென்னீரில் கால்வாசிதான் குறைந்தது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதை இத்தனை வருடம் புளி போட்டுத் தேய்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கிறது.

நாங்கள் இப்போது செய்வது இதுதான். சாயங்காலம் பத்து லிட்டர் எவர்சில்வர் குண்டானில் மெட்ரோ தண்ணீரை ஊற்றி, கொதி வந்த பிறகும் ஐந்து நிமிடம் விடுகிறோம். இரவு முழுக்க மூடி, அசைக்காமல் வைக்கிறோம். காலையில் பழைய பருத்தி வேட்டியை நாலாக மடித்துக் கட்டி, மேலாக மெதுவாக வடித்து மண் பானையில் ஊற்றுகிறோம். அடியில் நிற்கும் இரண்டு விரல் தண்ணீரை வடிப்பதில்லை, அது துளசிச் செடிக்கு. துணி பருத்தியாகவே இருக்க வேண்டும், பாலியெஸ்டர் கலந்த துணியில் வடித்தால் செய்த வேலை வீண். கேஸ் கூடுதலாகத்தான் ஆகிறது. சிலிண்டர் நாலைந்து நாள் முன்னதாகத் தீர்ந்துவிடும் போலிருக்கிறது. இருந்தாலும் மாதத்துக்குப் பதினைந்து கேன் வாங்கும் 600 ரூபாயைவிடக் குறைவு. கிருமியும் சாகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் குடிநீர்த் துகள் பற்றிக் கொடுத்த அறிக்கையிலும் முதல் கவலை கிருமிதான் என்று சொல்லியிருக்கிறது. பிளாஸ்டிக்குக்குப் பயந்து காய்ச்சாத குழாய்த் தண்ணீரைக் குடித்து, கர்ப்பிணிக்கு மஞ்சள் காமாலை வந்தால் அதைவிடப் பெரிய கேடு இல்லை.

எல்லா வீட்டுக்கும் இது பொருந்தாது. போர் தண்ணீரை மட்டும் நம்பியிருப்பவர்கள், டி.டி.எஸ். ஆயிரத்துக்கு மேல் போகிறவர்கள், பக்கத்தில் தோல் தொழிற்சாலையோ சாயப்பட்டறையோ உள்ளவர்கள் ஆர்.ஓ.வுக்குத்தான் போக வேண்டும். உலோகமும் நைட்ரேட்டும் காய்ச்சினால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் ஆகும். அப்படி ஆர்.ஓ. வாங்கினால், கருவியின் பிளாஸ்டிக் தொட்டியில் நாள்கணக்கில் தேங்க விடாமல் தினமும் பிடித்து எவர்சில்வர் குடத்தில் வையுங்கள். கழிவுத் தண்ணீரைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

கேனை நான் கடைசியில் வைக்கிறேன். 2019 கோடையில் செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டு கிடந்தபோது கேன்தான் எங்களைக் காப்பாற்றியது, அதை மறக்கவில்லை. வேறு வழியில்லாதவர்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்கலாம், கீறல் விழுந்து மங்கிய கேனை வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். வந்தவுடன் பானைக்கு மாற்றிவிட வேண்டும். 2024 நவம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அடைக்கப்பட்ட குடிநீரை அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்திருப்பதால் சோதனை இனி கொஞ்சம் இறுகும்.

சூடும் பிளாஸ்டிக்கும்

தண்ணீருக்கு இவ்வளவு மெனக்கெட்ட பிறகுதான் என் கணவர் தினமும் நாலு மணிக்கு வாங்கி வரும் டீ கண்ணில் பட்டது. பேப்பர் கப். உள்பக்கம் விரலை வைத்துத் தேய்த்தால் வழுவழுவென்று ஒரு பிளாஸ்டிக் படலம். காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் இதைச் சோதித்திருக்கிறார்கள். 85 முதல் 90 டிகிரி சூட்டில் 100 மில்லி திரவத்தைப் பேப்பர் கப்பில் 15 நிமிடம் வைத்தால் சுமார் 25,000 துகள்கள் இறங்குகின்றன. ஒரு நாளைக்கு மூன்று கப் குடிப்பவர் 75,000 துகளை விழுங்குகிறார். அந்த அளவீட்டில் நானோ துகள்கள் இந்த எண்ணிக்கையில் சேரவில்லை.

பேப்பர் கப்பே இப்படி என்றால் பார்சல் சாம்பாரைச் சொல்லவே வேண்டாம். அண்டாவில் கொதித்துக்கொண்டிருப்பதைக் கரண்டியால் மொண்டு மெல்லிய கவரில் ஊற்றி, ஒரு சுழற்றுச் சுழற்றி ரப்பர் பேண்டு போடுகிறார்கள். வீட்டுக்கு வந்து பிரிக்கும்போது கவர் சுருங்கி ஒட்டிக்கொண்டிருக்கும். சூடு, எண்ணெய், புளி மூன்றும் சேர்ந்த இடத்தில் அரை மணி நேரம். உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளும் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. தடை வந்த புதிதில் எங்கள் தெருக் கடையில் "பாத்திரம் கொண்டு வரவும்" என்று அட்டை தொங்கியது. அட்டையைக் கழற்றிவிட்டார்கள், கவர் மட்டும் திரும்பி வந்துவிட்டது.

இங்கே ஒப்பிட அதிகம் ஒன்றும் இல்லை. இரண்டடுக்குத் தூக்குவாளி ஒன்று 450 ரூபாய்க்கு வாங்கி வண்டியிலேயே மாட்டியாகிவிட்டது. டீக்கடையில் கண்ணாடி டம்ளர் கேட்டால் கொடுக்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும். மைக்ரோவேவ் உள்ள வீட்டில் பிளாஸ்டிக் டப்பாவை உள்ளே வைப்பதை இன்றோடு நிறுத்திவிடலாம். 2023-ல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் குழந்தை உணவு டப்பாக்களை மூன்று நிமிடம் சூடாக்கிப் பார்த்தபோது, ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து 40 லட்சத்துக்கும் மேற்பட்ட மைக்ரோ துகள் வெளிவந்த இடமும் உண்டு. போட்ட பணத்துக்குக் கிடைக்கும் பலன் என்று பார்த்தால் தண்ணீருக்கும் முன்னால் இதைத்தான் வைப்பேன்.

பாப்பாவின் பால் புட்டியும் இதே கணக்கில் வருகிறது. டப்ளின் டிரினிட்டி கல்லூரி 2020-ல் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த புட்டிகளில் 70 டிகிரி வெந்நீர் ஊற்றிக் குலுக்கிப் பார்த்தது. லிட்டருக்கு 1.62 கோடி துகள் வரை வந்தது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தனியாகத் தண்ணீர்கூடத் தேவையில்லை என்பது டாக்டர்கள் சொல்வதுதான். தாய்ப்பாலிலும் துகள் இருக்கிறது என்று செய்தி வந்ததே என்று மகள் கலங்கினாள். உண்மைதான், இத்தாலியில் 34 தாய்மார்களில் 26 பேரின் பாலில் இருந்தது. அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லி அந்த ஆய்வாளர்கள் சொல்லவில்லை, புட்டிப்பால் அதற்கு மாற்றும் ஆகாது. பவுடர் பால் கொடுக்கும்படி ஆனால், எவர்சில்வர் பாத்திரத்தில் கலக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றிய பிறகு கண்ணாடிப் புட்டியில் ஊற்றலாம். எங்கள் வீட்டுப் பீரோவில் மாமியார் காலத்து வெள்ளிப் பாலாடை கிடந்தது. எடுத்துத் தேய்த்து வைத்திருக்கிறேன்.

உப்பு

இதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பது என் முடிவு. தூத்துக்குடி உப்பை அங்குள்ள கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆராய்ந்து 2020-ல் வெளியிட்டார்கள். கடல் உப்பில் கிலோவுக்குச் சராசரி 35 முதல் 72 துகள், கிணற்றுத் தண்ணீரில் எடுத்த உப்பில் 2 முதல் 29. ஒருவர் நாளைக்கு 10 கிராம் உப்பு சாப்பிட்டாலும் வருடத்துக்கு 263 துகளைத் தாண்டாது. எண்ணும் முறை இடத்துக்கு இடம் மாறும், நேருக்கு நேர் வைப்பது சரியில்லைதான். ஆனாலும் ஒரே ஒரு பேப்பர் கப் டீயில் 25,000 என்று இருக்கும்போது, கிலோ 150 ரூபாய்க்கு இந்துப்பு வாங்க ஓட வேண்டியதில்லை. அயோடின் சேர்க்காத இந்துப்புக்குக் கர்ப்பிணியை மாற்றுவது அவளுக்கும் நல்லதல்ல, குழந்தையின் மூளைக்கும் நல்லதல்ல. மீனும் அப்படியே. துகள் அதிகம் தங்குவது குடலில். நெத்திலியானாலும் தலையைக் கிள்ளிக் குடலை எடுத்துச் சுத்தம் செய்கிறோம், அது போதும்.

காற்று

காலை ஏழரைக்கு எங்கள் வீட்டுக் கிழக்கு ஜன்னலில் சாய்வாக வெயில் விழும். மெத்தை விரிப்பை உதறினால் அந்த வெளிச்சத்தில் நூல் நூலாகப் பறக்கும். விரிப்பு பாலியெஸ்டர், திரைச்சீலை பாலியெஸ்டர், என் நைட்டியும் அதுவே. பாரிஸில் 2017-ல் அளந்தபோது வீட்டுக்குள் ஒரு கனமீட்டர் காற்றில் 1 முதல் 60 இழைகள், வெளியே ஒன்றரையைத் தாண்டவில்லை. உள்ளே இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு செயற்கை இழை. 2018-ல் எடின்பரோ ஆய்வாளர்கள் கடல் சிப்பி சாப்பிடுவதால் வருடத்துக்கு 123 துகள் உடலுக்குள் போகும் என்று கணக்கிட்டார்கள். சாப்பிடும் நேரத்தில் வீட்டுத் தூசி தட்டில் விழுந்து உள்ளே போவது 13,000-க்கு மேல். 2025-ல் பிரான்சின் துலூஸ் ஆய்வாளர்கள் இன்னும் நுணுக்கமாக, 1 முதல் 10 மைக்ரான் வரை எண்ணினார்கள். பெரியவர் ஒருவர் நாளைக்குச் சுமார் 68,000 துகளை மூச்சில் இழுக்கிறார் என்று வந்தது. மூடிய காருக்குள் வீட்டைவிட நான்கு மடங்கு.

நுரையீரலுக்கு இது என்ன செய்யும் என்பதற்குப் பழைய சாட்சி உண்டு. 1990-களில் அமெரிக்காவின் ரோட் தீவில் நைலான் இழையைப் பொடியாக வெட்டும் ஆலைத் தொழிலாளர்களுக்கு நுரையீரல் திசு வீங்கி மூச்சு வாங்கும் நோய் வந்தது. வேலையை விட்ட பலருக்குக் குணம் தெரிந்தது. அவர்கள் சுவாசித்த அளவு வேறு, நம் வீட்டு அளவு வேறு. திருப்பூர், ஈரோடு பக்கம் பாலியெஸ்டர் நூலோடு நாள் முழுக்க நிற்கிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. அவர்களுக்கு முகக்கவசமும் தூசி உறிஞ்சும் அமைப்பும் இருக்க வேண்டும்.

வீட்டில் எங்களுக்கு இருந்த வழிகள்: ஏர் பியூரிஃபையர் 9,000 ரூபாய், நல்ல வடிகட்டி உள்ள வாக்யூம் கிளீனர் கிட்டத்தட்ட அதே விலை, அல்லது ஈரத்துணி. பியூரிஃபையர் அது வைத்திருக்கும் அறையில் வேலை செய்யும், ஜன்னலை மூடி வைத்தால். சித்திரை வெயிலில் ஏ.சி. இல்லாத அறையில் ஜன்னலை மூட முடியுமா? அதனால் ஈரத்துணிக்கே வந்தோம். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் தூசி கிளம்பி ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி இறங்குகிறது. இப்போது முதலில் ஈரத்துணி, அப்புறம்தான் துடைப்பம். கடையில் விற்கும் மைக்ரோஃபைபர் மாப் துணியே பாலியெஸ்டர் என்பதால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேட்டித் துணியைக் கட்டிக்கொண்டேன். சோறு, குழம்பு ஆறும்போது மூடி போடுகிறோம். விரிப்பு உதறுவது மொட்டை மாடியில்.

இன்னும் முடிவாகாதது தொட்டில் ஒன்றுதான். மருமகன் ஆன்லைனில் ஒரு தொட்டில் காட்டினார், நுரை மெத்தையும் சுற்றிலும் பாலியெஸ்டர் வலையும் வைத்தது, 6,500 ரூபாய். ஆசையாகக் காட்டியவரிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகள் எதுவும் பேசாமல் பரணிலிருந்து என் பழைய சுங்குடிச் சேலைகள் இரண்டை இறக்கி, மாடியில் துவைத்துக் காயப் போட்டிருக்கிறாள். அவளைத் தூளி கட்டி ஆட்டிய கொக்கி அந்த அறைக் கூரையில் இன்னும் இருக்கிறது. முப்பது வருடத்துக் கொக்கி, பாரம் தாங்குமா என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறோம்.